மூலநிரலைக் கம்பைல் செய்வது: சுங்கை சிப்புட் சனிக்கிழமை வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை மாலை, கோயில் மண்டபத்தை ஒட்டிய அறையில் நிரல் எழுதப் பழகும் வகுப்பு நடத்துகிறேன். வருகிறவர்களில் பலர் ரப்பர் தோட்டத்தை விட்டுத் தாமான் (புதுக் குடியிருப்பு) வீடுகளுக்குக் குடிவந்த குடும்பத்துப் பிள்ளைகள். இன்னும் தோட்டத்திலிருந்தே அப்பாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வருகிறவர்களும் உண்டு. ஏழு மடிக்கணினி இருக்கிறது, அதில் ஐந்து பழையது. ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் பதில்களை எழுதி வைக்கிறேன். எல்லா வாரமும் வர முடியாதவர்களுக்கு உதவும்.

வகுப்பில் ஒருவர் கட்டளையை வாய்விட்டுச் சொல்ல, இன்னொருவர் தட்டச்சு செய்வார். இங்கும் கட்டளைகளை அந்த உச்சரிப்பிலேயே எழுதியிருக்கிறேன். மைனஸ் என்றால் சிறு கோடு, டாட் என்றால் புள்ளி, ஸ்லாஷ் என்றால் வலப்பக்கம் சாய்ந்த கோடு. எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்தில்தான். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் 'பெரிய' என்று சொல்லிவிடுவேன்.

அண்ணே, மூலநிரல்னா என்ன? அதை ஏன் கம்பைல் பண்ணணும்?

என் அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். மங்கில், அதாவது மரத்தில் கட்டிய கிண்ணத்தில், வடிந்த பாலை யாரும் அப்படியே எடுத்துப் போய் டயராக மாட்ட முடியாது. வடிகட்டி, அமிலம் ஊற்றி உறைய வைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, புகை வீட்டில் தொங்கவிட்ட பிறகுதான் அது சரக்கு. மூலநிரலும் மங்கில் இருக்கும் பால்தான். மனிதர் எழுதுவது, மனிதர் வாசிப்பது. கணினியின் செயலிக்கு அது புரியாது. அதற்கு எண்களாலான கட்டளைகள் மட்டுமே தெரியும். ஒன்றை மற்றொன்றாக மாற்றிக் கொடுக்கும் தொழிற்சாலைதான் கம்பைலர். பட்டனை அழுத்தினால் நடக்கும் அதே வேலையைக் கருப்புத் திரையில் நாமே கட்டளை கொடுத்துச் செய்யும்போது, எந்தக் கட்டத்தில் என்ன கெட்டது என்று தெரிகிறது. அதனால்தான் இந்த வகுப்பில் பட்டன் கிடையாது.

தம்பி, இதுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கணுமா? கடையில அப்படித்தான் சொல்றாங்க.

வேண்டாம் அக்கா. ஒரு கடையில் கேட்டுவிட்டு ஒரு தாய் நகையை அடகு வைக்கும் யோசனையோடு என்னிடம் வந்தார். அவர் மகன் இன்று பழைய 4 ஜிபி மடிக்கணினியில்தான் எழுதுகிறான். நாம் எழுதும் அளவுள்ள சி மொழி நிரலை அந்த இயந்திரம் ஒரு நொடிக்குள் கம்பைல் செய்துவிடும்.

மென்பொருளுக்கும் காசு இல்லை. நாங்கள் பயன்படுத்துவது ஜிசிசி. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த க்னூ திட்டத்தின் கம்பைலர் இது. முதல் வெளியீடு 1987-இல் வந்தது. அதன் மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. யாரும் வாசிக்கலாம், திருத்தலாம், கொடுக்கலாம். இதைச் சொன்னால் "சும்மா கொடுப்பதில் ஏதாவது வில்லங்கம் இருக்குமே" என்று பெரியவர்கள் சந்தேகப்படுகிறார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இது புரியாத விஷயமே இல்லை. இதே சுங்கை சிப்புட்டில் பிறந்த முன்னாள் அமைச்சர் துன் வீ.தி. சம்பந்தன், பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற தோட்டத் துண்டாடல் காலத்தில் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தொழிலாளிகள் சிறுகச் சிறுகப் போட்ட பணத்தில்தான் தோட்டங்கள் வாங்கப்பட்டன. பலர் கை சேர்த்தால் ஒருவரால் வாங்க முடியாதது எல்லாருக்கும் சொந்தமாகும். ஜிசிசி அப்படிச் சேர்ந்த உழைப்பு.

எப்படி இன்ஸ்டால் பண்றது?

உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் என்றால்: சுடோ ஆப்ட் இன்ஸ்டால் பில்ட் மைனஸ் எசென்ஷியல். சுடோ என்றால் நிர்வாகி உரிமையோடு செய் என்று பொருள். கம்பைலர், மேக் என்ற கட்டும் கருவி, தேவையான தலைப்புக் கோப்புகள் (டாட் எச் என்று முடிபவை) எல்லாம் ஒரே மூட்டையாக வந்துவிடும். விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளிலும் 11-இலும் நிர்வாகி உரிமையோடு பவர்ஷெல்லைத் திறந்து, டபிள்யூ எஸ் எல் இடைவெளி மைனஸ் மைனஸ் இன்ஸ்டால் என்று கொடுத்தால் உள்ளேயே ஒரு லினக்ஸ் கிடைக்கும். ஆப்பிள் மேக் கணினியில் எக்ஸ்கோட் மைனஸ் செலக்ட், இடைவெளி, மைனஸ் மைனஸ் இன்ஸ்டால். அங்கே ஜிசிசி என்று தட்டினாலும் ஓடுவது கிளாங் என்ற வேறு கம்பைலர். நம் பாடத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

கணினியே இல்லாதவர்கள் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் எஃப்-ட்ராய்டு என்ற ஆப் கிடங்கிலிருந்து டெர்மக்ஸ் என்ற கருப்புத் திரை ஆப்பை இறக்கி, பி கே ஜி இன்ஸ்டால் கிளாங் என்று கொடுங்கள். படிவம் மூன்று மாணவி ஒருத்தி நான்கு மாதம் கைப்பேசியிலேயே எழுதினாள். விரல் வலிக்கும், ஆனால் கம்பைலர் அதே கம்பைலர்தான்.

சார், எஸ்.பி.எம். தேர்வின் கணினி அறிவியலில் ஜாவாதானே? எதுக்கு சி?

ஜாவாவுக்கும் கம்பைலர் உண்டு, ஜாவா-சி என்று பெயர். அது செயலிக்கு நேரடியாகப் போகாமல் ஜாவா இயந்திரத்துக்கான இடைநிலை வடிவத்தோடு நின்றுகொள்கிறது. சி கடைசிவரை போகிறது. வழி முழுவதையும் ஒருமுறை பார்த்தவருக்கு ஜாவா பாடம் கனமாக இருக்காது. தேர்வுக்கு ஜாவாவைத்தான் படியுங்கள், அதில் மாற்றமில்லை.

முதல் கட்டளை என்ன?

கோப்பின் பெயர் கூலி டாட் சி என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கோப்பு இருக்கும் ஃபோல்டருக்குள் சி டி கட்டளையால் போய்விட்டு:

ஜிசிசி, இடைவெளி, கூலி டாட் சி, இடைவெளி, மைனஸ் ஓ, இடைவெளி, கூலி.

கூலி டாட் சி-யை எடு, வெளிவருவதற்குக் கூலி என்று பெயர் வை என்று பொருள். மைனஸ் ஓ-வை விட்டுவிட்டால் ஏ டாட் அவுட் என்ற பெயரில் ஒரு கோப்பு வந்து நிற்கும். அசெம்ப்ளர் அவுட்புட் என்பதன் சுருக்கம் அது, யூனிக்ஸின் ஆரம்ப காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் பெயர். எல்லாம் சரியாக இருந்தால் கம்பைலர் எதுவும் பேசாது. புதியவர்கள் "ஒண்ணும் நடக்கலையே" என்று மறுபடியும் என்டர் தட்டுகிறார்கள். பேசாமல் இருந்தால் வேலை முடிந்தது.

ஓட்டுவதற்கு: டாட் ஸ்லாஷ் கூலி.

அந்த டாட் ஸ்லாஷ் எதுக்கு? மத்த கட்டளைக்கெல்லாம் போடலையே.

வெறும் பெயரைத் தட்டினால் கணினி ஒரு குறிப்பிட்ட பட்டியலில் உள்ள ஃபோல்டர்களில் மட்டும் தேடும். நீங்கள் நிற்கும் ஃபோல்டர் அந்தப் பட்டியலில் இல்லை. டாட் என்றால் 'இந்த இடம்'. 'இதோ இங்கே இருக்கிற கூலியை ஓட்டு' என்று சொல்கிறீர்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பழகிப் பார்க்கிறவர்கள் எல்லாரும் நிரலுக்கு டெஸ்ட் என்று பெயர் வைப்பார்கள். டாட் ஸ்லாஷ் போடாமல் டெஸ்ட் என்று தட்டினால் பிழைச் செய்தியே வராது, எந்த விடையும் வராது. காரணம், லினக்ஸில் டெஸ்ட் என்று ஏற்கெனவே ஒரு கட்டளை இருக்கிறது, அதுதான் ஓடியிருக்கிறது. ஒரு பையன் ஒன்றரை மணி நேரம் தன் நிரலைத் திருப்பித் திருப்பி மாற்றிக்கொண்டிருந்தான். அவன் நிரலில் குறையே இல்லை.

அண்ணே, 40 எரர் வருது. எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா எழுதட்டுமா?

அழிக்காதே தம்பி. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வை: மேலே ஏறிப் போ, முதல் பிழையை வாசி, அதை மட்டும் திருத்து, மறுபடி கம்பைல் செய்.

கருப்புத் திரையில் கண்ணுக்கு முன் நிற்பது கடைசிப் பிழை. அதைத்தான் எல்லாரும் முதலில் பிடிக்கிறார்கள். ஆனால் கடைசிப் பிழைகளில் பெரும்பாலானவை பிழையே அல்ல. கம்பைலர் முதல் தவறில் வழி தப்பி, அதற்குப் பிறகு படிப்பதையெல்லாம் தப்பாகப் புரிந்துகொண்டு முறையிடுகிறது. சட்டையில் முதல் பட்டனைத் தப்பான துளையில் போட்டால் கடைசி வரைக்கும் கோணல்தான். கடைசி பட்டனைக் கழற்றி மாட்டி என்ன பயன்?

பிழை வரியை எப்படி வாசிப்பது என்று பார்ப்போம். முதலில் கோப்பின் பெயர், பிறகு முக்காற்புள்ளி, வரி எண், மறுபடி முக்காற்புள்ளி, அந்த வரியில் எத்தனையாவது இடம், அதன் பின் செய்தி. கூலி டாட் சி, 8, 5 என்றால் எட்டாவது வரி, ஐந்தாவது இடம். எட்டாவது வரியைப் பார்க்கிறாய், அது சரியாக இருக்கிறது. உடனே கம்பைலரைத் திட்டாதே. ஏழாவது வரியின் முடிவைப் பார். பெரும்பாலும் அங்கே அரைப்புள்ளி இருக்காது. வாக்கியம் முடியவில்லை என்று கம்பைலருக்கு எட்டாவது வரியைத் தொட்ட பிறகுதான் தெரிய வருகிறது.

அதேபோல் மூடும் நெளிவு அடைப்பை விட்டுவிட்டால், கோப்பின் கடைசி வரியில் 'என்ட் ஆஃப் இன்புட்' என்று முடியும் செய்தி வரும். கடைசி வரியில் தேடுவது வீண். எங்கே திறந்தது என்று மேலிருந்து எண்ணிக்கொண்டு வர வேண்டும்.

நீண்ட பட்டியலைப் பார்த்தாலே மனம் கலங்குகிறது என்றால் மைனஸ் பெரிய டபிள்யூ, ஒட்டியே ஃபேட்டல் மைனஸ் எரர்ஸ் என்று கட்டளையில் சேர்த்துவிடு. முதல் பிழையோடு நின்றுவிடும். வகுப்பில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் மாதம் இதை நானே போட்டுக் கொடுக்கிறேன். 40 பிழை பார்த்த பிள்ளை அடுத்த வாரம் வருவதில்லை. ஒரு பிழை பார்த்த பிள்ளை வருகிறது.

நண்பன் வாட்ஸ்அப்பில அனுப்பின நிரலை அப்படியே ஒட்டினேன். அவனுக்கு ஓடுது, எனக்கு ஓடல.

மேற்கோள் குறியைப் பாருங்கள். வழியில் ஏதோ ஓர் ஆப்போ கைப்பேசி விசைப்பலகையோ நேரான மேற்கோள் குறியை வளைந்த குறியாக மாற்றியிருக்கும். கண்ணுக்கு அழகு, கம்பைலருக்கு அது மேற்கோள் குறியே அல்ல. பழைய ஜிசிசி 'ஸ்ட்ரே' என்று தொடங்கி 342 என்ற எண்ணோடு ஒரு செய்தி தரும். அந்த எண்ணைப் பார்த்தாலே இதுதான் காரணம் என்று நான் சொல்லிவிடுவேன். சில சமயம் சாதாரண இடைவெளிக்குப் பதில் வேறு வகை இடைவெளியும் ஒட்டிக்கொண்டு வரும். நிரலைக் கோப்பாக இணைத்து அனுப்புங்கள், செய்தியாக ஒட்டாதீர்கள்.

வார்னிங் வந்தாலும் ஓடுதே. கண்டுக்காம விடலாமா?

விடக் கூடாது. பிழை என்றால் கம்பைலர் கதவை மூடிவிடுகிறது. எச்சரிக்கை என்றால் கதவைத் திறந்துவிட்டு 'பார்த்துப் போ' என்கிறது. எங்கள் வகுப்பில் கம்பைல் செய்யும் ஒவ்வொரு முறையும் மைனஸ் பெரிய டபிள்யூ ஆல், மைனஸ் பெரிய டபிள்யூ எக்ஸ்ட்ரா இரண்டும் இருக்க வேண்டும். ஒப்பிட இரண்டு சமக்குறி போட வேண்டிய இடத்தில் ஒன்று போட்டுவிட்டால், மதிப்பே வைக்காத மாறியை (வேரியபிளை) பயன்படுத்தினால், பின்ன எண்ணை முழு எண் என்று சொல்லி அச்சிட்டால், பெரும்பாலும் இவை பிடித்துக் கொடுக்கும். ஆல் என்று பெயர் இருந்தாலும் எல்லா எச்சரிக்கையும் அதில் இல்லை, அதனால்தான் எக்ஸ்ட்ராவும்.

எரரும் இல்ல, வார்னிங்கும் இல்ல. ஆனா கூலி பூஜ்யம்னு வருது!

இந்தக் கேள்வி வரும் நாளுக்காக நான் காத்திருப்பேன், ஏனென்றால் இதை வைத்துத்தான் கம்பைலரின் எல்லை எது என்று காட்ட முடியும்.

நம் பயிற்சி நிரல் இது. ஒருவர் 20 கிலோ பால் கொண்டுவந்து நிறுக்கிறார். அந்தப் பாலில் உலர் ரப்பர் எவ்வளவு என்று மெட்ரோலாக் மிதவையைப் போட்டுப் பார்க்கிறார்கள், 33 விழுக்காடு. கூலிக் கணக்குக்கு உலர் எடை வேண்டும். தாளில் போட்டால் 6.6 கிலோ.

பிள்ளைகள் எடை, விகிதம் இரண்டையும் முழு எண்ணாக அறிவிக்கிறார்கள். பிறகு அடைப்புக்குள் விகிதம் வகுத்தல் 100, அதை எடையால் பெருக்கு என்று எழுதுகிறார்கள். சி மொழியில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண். மீதி வெட்டி எறியப்படும். 33 வகுத்தல் 100 பூஜ்யம். பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம். கம்பைலர் வாய் திறக்கவில்லை, ஏனென்றால் மொழியின் விதிப்படி எதுவும் தவறில்லை.

கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று உடனே திருத்தும்: முதலில் பெருக்கு, பிறகு வகு. 660 வகுத்தல் 100. விடை 6 என்று வரும், எல்லாரும் கை தட்டுவார்கள். நான் அப்போதுதான் தாளை எடுத்துக் காட்டுவேன். 6 இல்லை, 6.6. அந்த 600 கிராம் எங்கே போனது? பூஜ்யம் வந்தால் யாரும் கேட்பார்கள். 6 வந்தால் யாரும் கேட்க மாட்டார்கள், ஒவ்வொரு நாளும் ஒருவர் உழைப்பில் அரைக் கிலோவுக்கு மேல் காணாமல் போய்க்கொண்டே இருக்கும். 100 என்பதை 100.0 என்று எழுதி, விடையைப் பின்ன எண் மாறியில் வையுங்கள், 6.6 வரும்.

கம்பைலர் இலக்கணம் பார்க்கும், கணக்கு நியாயமா என்று பார்க்காது. விடை தெரிந்த ஒரு கணக்கைக் கொடுத்துச் சரிபார்க்காமல் எந்த நிரலையும் முடிந்தது என்று சொல்லாதீர்கள்.

'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' வருது. வரி எண்ணே இல்ல. எங்க தேடுறது?

இதைப் புரிந்துகொள்ள ஜிசிசி உள்ளே நான்கு கட்டமாக வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்தோடும் நிறுத்தச் சொல்லலாம்.

மைனஸ் பெரிய ஈ போட்டால் முன்செயலாக்கத்தோடு நிற்கும். நீங்கள் 'இன்க்ளூட்' என்று எழுதிய இடத்தில் அந்தத் தலைப்புக் கோப்பு முழுவதும் விரிந்து நிற்பதைத் திரையில் பார்க்கலாம். ஐந்து வரி நிரல் நூற்றுக்கணக்கான வரியாக ஓடும்; பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். மைனஸ் பெரிய எஸ் போட்டால் அசெம்ப்ளி மொழியோடு நிற்கும், டாட் எஸ் கோப்பு கிடைக்கும். மைனஸ் சின்ன சி போட்டால் இயந்திரக் குறியீடு வந்துவிடும், டாட் ஓ கோப்பு. ஆனால் அதை இன்னும் ஓட்ட முடியாது. அதில் 'பிரின்ட்-எஃப் என்று ஒன்று வேண்டும், யாராவது கொண்டு வாருங்கள்' என்கிற மாதிரி காலியிடங்கள் இருக்கும். நான்காவது கட்டமான லிங்கர்தான் டாட் ஓ கோப்புகளையும் நூலகங்களையும் (ஏற்கெனவே எழுதி வைத்த நிரல் தொகுப்புகளையும்) கோர்த்து அந்தக் காலியிடங்களை நிரப்புகிறது.

அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் என்பது லிங்கர் சொல்வது: பெயர் கேட்டிருக்கிறாய், ஆள் யாரும் வரவில்லை. உங்கள் வரிகளில் இலக்கணத் தவறு தேடாதீர்கள். இரண்டு கோப்பாக எழுதிவிட்டு ஒன்றை மட்டும் கட்டளையில் கொடுத்திருப்பீர்கள், அல்லது செயற்கூற்றின் (ஃபங்ஷனின்) பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும், அல்லது ஒரு நூலகத்தை விட்டிருப்பீர்கள்.

கணித நூலகம் இதில் பிரசித்தம். பவ் என்ற அடுக்குக் கணக்கைப் பயன்படுத்தினால் கட்டளையின் கடைசியில் மைனஸ் எல் எம் சேர்க்க வேண்டும். கடைசியில் என்பது முக்கியம். லிங்கர் இடமிருந்து வலமாகப் போகிறது. நூலகத்தை முன்னால் வைத்தால், அப்போது யாரும் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதால் தாண்டிப் போய்விடும். இன்னொரு குழப்பமும் உண்டு: பவ் அடைப்புக்குள் 2, 10 என்று நேரடி எண்களைக் கொடுத்தால் மைனஸ் எல் எம் இல்லாமலே வேலை செய்யும், ஏனென்றால் கம்பைலரே கணக்கைப் போட்டு 1024 என்று எழுதிவிடுகிறது. மாறியைக் கொடுத்த அன்றுதான் பிழை வரும்.

என் டாட் சி கோப்பையே காணோம் அண்ணே.

மைனஸ் ஓ-வுக்கு அடுத்து எந்தப் பெயர் வந்தாலும் அதன் மேல்தான் கம்பைலர் எழுதப் போகிறது. ஜிசிசி மைனஸ் ஓ என்று தட்டிவிட்டு அவசரத்தில் ஒரு மூலக் கோப்பின் பெயரையும் அதற்கு அடுத்து இன்னொரு மூலக் கோப்பின் பெயரையும் கொடுத்துவிட்டால் முதல் கோப்பு போய்விடும். குப்பைத்தொட்டியிலும் இருக்காது. அதனால்தான் மூலக் கோப்பை முதலிலும் மைனஸ் ஓ-வைக் கடைசியிலும் எழுதச் சொல்கிறேன். நிரலின் பழைய பதிப்புகளைச் சேமித்து வைக்கும் கிட் என்ற கருவியைப் பழகியவர்களுக்கு இந்தப் பயம் இல்லை.

இன்னொருத்தர் எழுதின மென்பொருளை மூலநிரலா இறக்கினேன். அதை எப்படிக் கட்டுறது?

முதலில் ரீட்மீ, இன்ஸ்டால் என்ற பெயருள்ள கோப்புகளை வாசியுங்கள். பத்து நிமிடம் போகட்டும். பழைய மரபில் எழுதப்பட்டவற்றுக்குப் பெரும்பாலும் மூன்று படி: டாட் ஸ்லாஷ் கான்ஃபிகர், பிறகு மேக், பிறகு மேக் இன்ஸ்டால். கான்ஃபிகர் உங்கள் கணினியில் என்ன இருக்கிறது என்று துழாவி மேக்ஃபைலை எழுதுகிறது. மேக் அதைப் பார்த்துக் கம்பைல் செய்கிறது. மேக் என்ற கருவி 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. எந்தக் கோப்பு மாறியிருக்கிறதோ அதைச் சார்ந்ததை மட்டும் மறுபடி கட்டும். 200 கோப்பில் ஒன்றைத் தொட்டால் 200-ஐயும் கம்பைல் செய்யாது. பழைய மடிக்கணினிக்கு இது பெரிய உபகாரம்.

நீங்களே மேக்ஃபைல் எழுதும்போது கட்டளை வரியின் முன்னால் டேப் விசைதான் இருக்க வேண்டும். எட்டு இடைவெளி போட்டால் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும், மேக் 'மிஸ்ஸிங் செபரேட்டர்' என்று நின்றுவிடும்.

நடுவில் ஏதோ ஒரு டாட் எச் கோப்பு இல்லை என்று நின்றால் பயப்பட வேண்டாம். அந்த நூலகம் கணினியில் இருக்கலாம், ஆனால் கம்பைல் செய்யத் தேவையான தலைப்புக் கோப்புகள் தனிப் பொதியில் இருக்கும். உபுண்டுவில் அந்தப் பொதியின் பெயர் மைனஸ் டெவ் என்று முடியும், ஃபெடோராவில் மைனஸ் டெவல்.

மேக் இன்ஸ்டாலுக்கு முன்னால் சுடோ போடும் பழக்கத்தை விடுங்கள். கான்ஃபிகர் செய்யும்போதே மைனஸ் மைனஸ் ப்ரிஃபிக்ஸ் சமம் என்று போட்டு உங்கள் வீட்டு ஃபோல்டருக்குள் ஓர் இடத்தைக் காட்டுங்கள். தப்பு நடந்தால் அந்த ஃபோல்டரை அழித்தால் முடிந்தது. மண்டபத்துக் கணினியை ஏழு பேர் பயன்படுத்துகிறார்கள். அதன் உள்ளுறுப்பில் கை வைக்கும் உரிமை ஒருவருக்கும் தேவையில்லை.

பாதியில 'கில்ட்'னு வந்து நின்னுடுது.

நினைவகம் தீர்ந்து, இயங்குதளமே கம்பைலரை நிறுத்தியிருக்கிறது. சி++ நிரல்களில் இது அதிகம். வேகத்துக்காக மேக் மைனஸ் ஜே என்று எண் இல்லாமல் கொடுத்தால் எத்தனை வேலை இருக்கிறதோ அத்தனையையும் ஒரே நேரத்தில் தொடங்கிவிடும். 4 ஜிபி கணினியில் மைனஸ் ஜே 2 போதும், பெரிய நிரல் என்றால் மைனஸ் ஜே 1. இரவு தொடங்கிவிட்டுத் தூங்குங்கள்.

அப்பா காலத்துப் புத்தகத்தில இருக்கிற நிரல் எதுவும் கம்பைல் ஆகலை. புத்தகம் தப்பா?

அந்தக் காலத்துக்கு அது சரி. அந்தப் புத்தகங்கள் பல டாஸில் ஓடிய டர்போ சி-க்காக எழுதப்பட்டவை. கோனியோ டாட் எச், திரையைத் துடைக்கும் கட்டளை எல்லாம் லினக்ஸில் கிடையாது. அந்த வரிகளை எடுத்துவிடுங்கள். மெயினுக்கு முன்னால் வாய்ட் என்று இருந்தால் இன்ட் என்று மாற்றுங்கள்.

புதிய ஜிசிசி-யின் கண்டிப்பும் ஒரு காரணம். அறிவிக்காத செயற்கூற்றை அழைத்தால் முன்பு எச்சரிக்கையோடு விட்டுவிடும். 2024 மே மாதம் வந்த 14-ஆம் பதிப்பிலிருந்து அது பிழை. 2025-இல் வந்த 15-ஆம் பதிப்பு எதுவும் சொல்லாவிட்டால் சி23 தரத்தை எடுத்துக்கொள்கிறது. பழைய நிரலை அப்படியே ஓட்டிப் பார்க்க வேண்டுமானால் மைனஸ் எஸ் டி டி சமம் ஜி என் யூ 89 என்று சேர்த்துப் பாருங்கள். ஆனால் நேரம் இருந்தால் நிரலைத் திருத்துவதே நல்லது. அந்தக் கண்டிப்பால் பல உண்மையான தவறுகள் வெளிவந்திருக்கின்றன.

நாமளே மூலநிரலிலிருந்து கட்டினா வைரஸ் பயமே இல்லைதானே?

அப்படி நம்பிவிடாதீர்கள். 2024 மார்ச்சில் எக்ஸ்-இசட் என்ற சுருக்கக் கருவியில் நடந்தது இதற்குப் பாடம். 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ பின்வாசல் வைத்திருந்தார்கள். அதை உயிர்ப்பிக்கும் துண்டு, எல்லாரும் பார்க்கும் பொதுக் களஞ்சியத்தில் இல்லை. இறக்கிக்கொள்ளக் கொடுக்கப்பட்ட தொகுப்பில் மட்டும், கட்டும்போது ஓடும் ஸ்கிரிப்டுக்குள் இருந்தது. அதாவது, கான்ஃபிகர், மேக் என்று நாம் தட்டும் அந்த நேரத்தில்தான் நஞ்சு கலந்தது. ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை நொடி அதிகமாகிறதே என்று விடாமல் துருவிக் கண்டுபிடித்தார்.

அதிகாரபூர்வ இடத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். ஷா 256 சரிபார்ப்பு எண் கொடுத்திருந்தால் ஒப்பிடுங்கள். அந்த எண், கோப்பு வழியில் மாறவில்லை என்பதைத்தான் சொல்லும். எழுதியவர் நல்லவர் என்று சொல்லாது. சுடோ இல்லாமல் கட்டச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழில் நிரல் எழுத முடியுமா?

முடியும். 2020-இல் வந்த ஜிசிசி 10 முதல் மாறிகளுக்குத் தமிழ் எழுத்திலேயே பெயர் வைக்கலாம். எடை, விகிதம், கூலி என்று எழுதிக் கம்பைல் செய்து காட்டியபோது, பேரனைக் கூட்டிவந்த தாத்தா ஒருவர் எழுந்து வந்து திரையை வாசித்தார். முப்பது வருடம் கிராணியிடம் (தோட்டத்துக் கணக்கரிடம்) கணக்கு ஒப்புவித்தவர். நிரல் என்ன செய்கிறது என்று அவரே சொன்னார்.

அச்சிடும்போது கவனம் தேவை. அம்மா என்ற சொல்லின் நீளத்தை எஸ் டி ஆர் லென் மூலம் கேட்டால் 15 என்று வரும். அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறி. எழுத்தைக் கணினியில் சேமிக்கும் யூ டி எஃப் 8 முறையில் தமிழுக்கு ஒவ்வொன்றும் 3 பைட். அதனால் பெயர்ப்பட்டியலை நேராக நிறுத்த, அகலம் 20 என்று கொடுத்தால் தமிழ்ப் பெயர்கள் கோணலாகத்தான் நிற்கும். அது எழுத்தை அல்ல, பைட்டை எண்ணுகிறது.

இங்க கட்டினதை பெண்டிரைவில எடுத்துட்டுப் போய் வீட்டு விண்டோஸில ஓட்டலாமா?

நேரடியாக முடியாது. டாட் சி கோப்பைக் கொண்டு போய் அங்கே மறுபடி கம்பைல் செய்யுங்கள்.

தம்பி, இதைப் படிச்சா பினாங்கு ஃபேக்டரியில வேலை கிடைக்குமா?

இது மட்டும் போதாது அக்கா, ஆனால் இது அந்த வேலையின் அடித்தளத்தில் இருக்கிறது. இன்டெல் 1972-இலேயே பினாங்குக்கு வந்துவிட்டது. கூலிம் பக்கமும் மின்னணுத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அங்கே இயந்திரங்களுக்குள் ஓடும் சிறு நிரல்களைக் கணினியில் கம்பைல் செய்து வேறொரு செயலிக்கு ஏற்றுகிறார்கள். கிராஸ் கம்பைலர் என்பார்கள். பிள்ளைகள் விளையாடும் அர்டுயினோ ஊனோ ஆர்3 என்ற சின்னக் கணினிப் பலகைக்குப் பின்னாலும் அதே ஜிசிசி குடும்பத்துக் கம்பைலர்தான் ஓடுகிறது. 32 கிலோபைட் நிரல் இடம், 2 கிலோபைட் நினைவகம். இவ்வளவு சின்ன இடத்தில் எழுதிப் பழகிய பிள்ளைக்கு ஒவ்வொரு பைட்டின் விலையும் தெரியும். படிவம் ஐந்து முடித்ததும் பொலிடெக்னிக் போக நினைக்கிறவர்கள் என்னிடம் தனியாகப் பேசுங்கள்.

வீட்டில இன்டர்நெட் இல்லை. சனிக்கிழமை வரைக்கும் என்ன பண்றது?

கம்பைலருக்கு இன்டர்நெட் தேவையே இல்லை. மேன் பேஜ் என்ற கையேட்டுப் பொதி போட்டிருந்தால் மேன் இடைவெளி 3 இடைவெளி பிரின்ட்-எஃப் என்று தட்டினால் விளக்கமும் வரும். மண்டபத்துக் கணினிகளில் போட்டு வைத்திருக்கிறேன், உங்கள் கணினியிலும் போட்டுத் தருகிறேன். சிக்கிக்கொண்டால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று விஷயம் எழுதுங்கள்: நீங்கள் தட்டிய முழுக் கட்டளை, முதல் பிழையின் முழு வரி எழுத்துக்கு எழுத்து, அந்த வரியும் அதற்கு முந்தைய வரியும். கைப்பேசியில் படம் பிடிக்க வேண்டாம், கையால் எழுதுங்கள். எழுதும்போதே பாதிப் பேருக்கு விடை தெரிந்துவிடுகிறது. மற்றவர்கள் நோட்டோடு சனிக்கிழமை வாருங்கள், முதல் அரை மணி நேரம் அதற்குத்தான்.